முதுகில் ஒரு பெருக்கல் குறி

நைட் டூட்டியை ஏன் விட்டாய் என்று கேட்பவர்களுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்திருந்தேன். உண்மை அவ்வளவு கௌரவமானது இல்லை. மூன்று வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவு டாக்டராக இருந்தேன். ஒருநாள் வேலைக்கு வந்து லிஃப்டுக்குள் நின்று, நான்காம் மாடிக்கான பொத்தானை நோக்கி விரலை நீட்டினேன். அழுத்தவில்லை. யாரோ ஆறாம் மாடிக்கு அழுத்தினார்கள், அவர்களோடு போனேன். இன்னொருவர் கீழே அழுத்தினார்; அவரோடும் வந்தேன். அரைமணி நேரம் இப்படி ஊர் சுற்றிவிட்டு, மருந்துக் கடையில் ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி விலகல் கடிதம் எழுதினேன். இரண்டே வரி. அதிலும் ஓர் எழுத்துப் பிழை.

ஆள் பற்றாக்குறையால் ஆஸ்பத்திரி என்னை முழுசாக விடவில்லை. பகல் நேரப் பொது வார்டில் தூக்கிப் போட்டார்கள். வார்டின் தலைமை மருத்துவரை எல்லோரும் சீஃப் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் முதல் நாளே எனக்கு ராக்கோழி என்று பேர் வைத்தார். ராத்திரி விழித்திருக்க மாட்டேன் என்று ஓடி வந்தவனுக்கு அந்தப் பேர். குத்துவது என்று முடிவு செய்துவிட்டால் மனிதர் எலும்பு தெரியும் இடமாகப் பார்த்துக் குத்துவார்.

குடியிருப்பு அக்கா வீட்டு மாடி அறையில். ஓட்டாத சைக்கிளைப் போட்டு வைத்திருந்த இடம் அது. சைக்கிளை எடுத்துவிட்டு என்னைப் போட்டார்கள்.

"விடிஞ்சா வீட்டுக்கு வந்துட்டு இருந்தவன் இப்ப விடிஞ்சா வேலைக்குப் போறான். முன்னேற்றம்தான்," என்பாள் அக்கா, ரொட்டியைத் தட்டில் போட்டபடி.

"அவன விடு. நொந்து போயிருக்கான்," என்பார் அத்தான்.

"நொந்து போனவன் இப்படித்தான் ஆறு ரொட்டி தின்பானா?"

நான் ஏழாவதை எடுத்துக்கொள்வேன்.

இப்படி இருந்த நாளில்தான் வார்டுக்கு அந்தக் கையடக்க ஸ்கேன் கருவி வந்தது. தாடி மழிக்கும் எலக்ட்ரிக் ஷேவர் அளவு. வயரை ஃபோனில் செருகி, முனையில் ஜெல் தடவி உடம்பில் வைத்தால் ஃபோன் திரையில் இதயம் துடிக்கும், ஈரல் மூச்சோடு ஏறி இறங்கும். நோயாளியைத் தள்ளுவண்டியில் போட்டு ஸ்கேன் அறை வாசலில் மூன்று மணி நேரம் காக்க வைக்க வேண்டாம். கட்டில் பக்கத்திலேயே பார்த்துவிடலாம். "யாருக்கு இதுல ஆர்வம்?" என்று சீஃப் கேட்டபோது மற்றவர்கள் எல்லோருக்கும் வேலை இருந்தது. நான் கையைத் தூக்கினேன். இரண்டு நாள் பயிற்சி, ஒரு சான்றிதழ். சைக்கிள் டயர் மாட்டியிருந்த ஆணி மாடி அறைச் சுவரில் அப்படியே இருந்தது. சான்றிதழை அதில் மாட்டினேன்.

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். எனக்கு அர்த்தராத்திரியில் வேலை இல்லாததால் பட்டப்பகலில் பிடித்தேன். கருவியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வார்டு முழுக்க நடந்தேன். கால் விரல் புண்ணுக்கு வந்தவருடைய இதயத்தைப் பார்த்தேன். காது வலிக்கு வந்தவருடைய சிறுநீரகத்தைப் பார்த்தேன். இரண்டும் நன்றாக இருந்தன. அதில் எனக்கு ஏதோ பங்கு இருப்பதுபோல அவர்களிடம் சொன்னேன்.

சீஃபுக்கு ஒரு விஷயத்தில் நான் உண்மையிலேயே உபயோகப்பட்டேன். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தவர்களுக்கு முதுகு வழியாக ஊசி போட்டு நீரை எடுப்பது அவர் கை வேலை. முன்பெல்லாம் முதுகை விரலால் தட்டி, சத்தத்தை வைத்தே இடம் பிடிப்பார். இப்போது காலையிலேயே நான் ஸ்கேனில் பார்த்து, நீர் இருக்கும் இடத்தில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்துவிடுவேன். அவர் கூட்டங்களை எல்லாம் முடித்துக்கொண்டு மத்தியானம் வந்து, குறியில் ஊசியை இறக்கிவிட்டுப் போவார். குறி போட்ட கையோடு ஊசி போட வேண்டும், ஊசி போடும்போதும் கருவியை வைத்துப் பார்த்துக்கொண்டே போடுவது உத்தமம் என்று பயிற்சியில் சொல்லித்தான் கொடுத்தார்கள். அது பாடம். வார்டு வேறு.

ஹெட் சிஸ்டர் ஒருமுறை கேட்டார். "டாக்டர், காலைல போடற மார்க்கு மத்தியானம் வரைக்கும் நிக்குமா?"

"பால்பாயிண்ட் பேனா சிஸ்டர். அழியாது."

"மார்க்க கேக்கல. ஆளக் கேக்கறேன். அவர் அதே மாதிரியே நாலு மணி நேரம் உக்காந்திருப்பாரா?"

சிரித்து வைத்தேன். பதில் தெரியாதபோது நான் சிரிப்பது வழக்கம். அதற்கும் ஏதாவது சான்றிதழ் இருந்தால் வாங்கியிருப்பேன்.

ஒன்பதாம் கட்டிலில் ஒரு லாரி ஓட்டுநர் இருந்தார். ஐம்பது வயது, பெரிய உடம்பு, கட்டைக் குரல். இரண்டு பக்கமும் நீர் கோத்திருந்தது. வலது பக்கம் அதிகம். படுத்தால் மூச்சு நின்றுவிடும்போல இருக்கிறது என்று இரண்டு வாரமாக உட்கார்ந்தே தூங்குகிறார். தூக்கம் என்றால் என்ன, அவருடைய மனைவி எதிரே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பார், அந்த அம்மாவின் தோளில் இவர் நெற்றியைச் சாய்த்துக்கொள்வார், அவ்வளவுதான். அந்த அம்மாவுக்குத் தையல் தொழில். கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். தோளில் புருஷன் தலை இருக்கும்போதே, அவர் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டிச் சட்டைகளுக்குப் பொத்தான் தைப்பார்.

அன்று காலை ஆறாம் கட்டிலில் ஒருவருடைய இதயத்தைப் பார்த்துவிட்டு நேரே இவரிடம் வந்தேன். முதுகில் ஜெல் தடவினேன்.

"என்ன டாக்டர்," என்றார் ஓட்டுநர், மூச்சு வாங்கிக்கொண்டே. "முதுகுல... சவரமா?"

"ஆமா. மீசையும் வெச்சு விடறேன். அசையாம இருங்க."

திரையில் நடுவே கறுப்பாகத் தண்ணீர். நிறைய. அதன் ஒரு பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி, இன்னொரு பக்கம் சாம்பல் நிறத்தில் இன்னொரு கட்டி. ஒன்று நீரின் அழுத்தத்தில் சுருங்கிப்போன நுரையீரல், மேலே இருப்பது. மற்றது கல்லீரல், கீழே இருப்பது. ஈரலுக்குக் கிட்டே போகாமல், நீரின் மேல் பக்கமாகக் குறி போட வேண்டும்.

அந்த அம்மா எட்டிப் பார்த்தார். எனக்குப் பார்வையாளர் கிடைத்துவிட்டால் போதும்.

"இந்தக் கறுப்புதான் தண்ணி. இடது பக்கம் இருக்குது பாருங்க, அது மேல, நுரையீரல். இந்தப் பக்கம் இருக்கறது கீழ, ஈரல்."

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே."

"பழகினவங்களுக்குத் தெரியும்மா," என்றேன். பழகி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

நுரையீரல் என்று நான் சொன்ன பக்கம் திரையில் கிட்டே வரும்வரை, முதுகில் கை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்காமல் கருவியைத் தள்ளி, அங்கே பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டேன். பத்தாம் கட்டிலில் ஒருவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். குறி கோணலாக வந்தது.

"மத்தியானம் பெரிய டாக்டர் வந்து இங்கதான் ஊசி போடுவார். இது அழியாம பார்த்துக்கோங்க," என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

பன்னிரண்டரைக்கு சீஃப் வந்தார். பின்னால் இரண்டு பயிற்சி மருத்துவர்கள், ஹெட் சிஸ்டர், ஊசி மருந்துத் தட்டு. ஓட்டுநரைக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, முன்னால் உயரமான மேஜையில் தலையணை போட்டுச் சாய வைத்தார்கள். அந்த அம்மா அவர் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்தார். சட்டையைத் தூக்கியதும் முதுகில் குறி பளிச்சென்று தெரிந்தது.

சீஃப் கையுறை போட்டு, மரத்துப்போகும் மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்தார்.

"கொஞ்சம் கீழ இருக்கே, ராக்கோழி?"

"அங்கதான் சார் தண்ணி அதிகம்," என்றேன். வாய் தானாகச் சொன்னது. அப்புறம்தான் எட்டிப் பார்த்தேன். எனக்கும் கீழே இருப்பதாகத்தான் பட்டது. சீஃப் மறுபடி குனிந்து ஊசியை முதுகுக்குக் கிட்டே கொண்டுபோனார். அடுத்த கணம் இன்னொன்றைக் கவனித்தேன். குறி வெள்ளையாக இருந்தது. துணியில் போடும் வெள்ளைப் பென்சிலால், ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல பட்டையாக, நேராக. நான் போட்டது நீலம், கோணல்.

அந்த நேரத்தில் என் மனதில் முதலில் வந்தது நோயாளியைப் பற்றிய பயம் என்று எழுத ஆசைதான். வந்தது நிம்மதி. அது என் குறி இல்லை.

"சார், ஒரு நிமிஷம். இது நான் போட்டது இல்ல."

சீஃப் ஊசியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நான் கருவியைக் குறியின் மேல் வைத்தேன். திரை முழுக்க ஈரல். கொழுகொழுவென்று, மூச்சுக்கு மூச்சு அசைந்தபடி. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஊசி இறங்கியிருந்தால் நேரே அதற்குள்தான் போயிருக்கும். ரத்தம் நிறைந்த உறுப்பு அது. ஏற்கெனவே மூச்சுக்குத் திண்டாடுகிற மனிதர் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து, நாங்கள் கண்டுபிடிப்பதற்குள் எங்கே போய்ச் சேர்ந்திருப்பார் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் அவர் மனைவிக்கும் தவிர.

"யாரும்மா இத வரைஞ்சது?" என்றார் ஹெட் சிஸ்டர்.

"நான்தான்," என்றார் அந்த அம்மா. "உடம்பு துடைச்சு விட்டேன். டாக்டர் போட்டது அழிஞ்சுட்டே வந்தது. அதுக்கு மேலயே போட்டேன்."

"உங்கள யாரு போடச் சொன்னா?"

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் ஃபோனைப் பார்த்தேன்.

"இடம் மாறல சார். துடைக்கறதுக்கு முன்னாடியே நாடா வெச்சு அளந்துகிட்டேன். முதுகுத்தண்டுலேர்ந்து ஒரு அளவு, தோள்லேர்ந்து ஒரு அளவு."

"இது சட்டை இல்லம்மா," என்றார் சீஃப்.

"சட்டைக்கே இவ்வளவு பார்ப்போம் சார். இவரு மனுஷன்."

சீஃபுக்கு எதிர்த்துப் பேசினால் பிடிக்காது. அதுவும் கையுறை போட்டிருக்கும்போது. அந்த அம்மாவை வெளியே நிற்கச் சொன்னார். இனி ஊசி போடும் நாட்களில் உறவினர் யாரும் கட்டில் பக்கம் இருக்கக் கூடாது, இன்றைக்கே நோட்டீஸ் ஒட்டுங்கள், இந்த அம்மாவின் அனுமதிச் சீட்டை வாங்கி வையுங்கள், சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் உள்ளே விடுங்கள் என்று வரிசையாகச் சொன்னார். ஓட்டுநரின் கைகளை வார்டு உதவியாளர் ஒருவர் பிடித்துக்கொண்டார். தராசில் ஏற்றும் மூட்டையைப் பிடிப்பதுபோலப் பிடித்தார்.

"அவ இல்லாம... எனக்கு உக்கார வராது," என்றார் ஓட்டுநர் தலையணைக்குள்.

யாரும் கேட்கவில்லை. அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு போனார். கதவு சாத்திக்கொண்டது. அதன் மேல் பாதியில் கண்ணாடி.

சீஃப் பயிற்சி மருத்துவர்கள் பக்கம் திரும்பினார். "பார்த்தீங்களா? இவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது, நிறுத்தச் சொன்னான். நான் ஊசிய கைல வெச்சிருக்கேன், இருந்தும் நிறுத்தச் சொன்னான். இப்படித்தான் இருக்கணும்." அப்புறம் என்னிடம், "நீயே புதுசா இடம் பாரு. இன்னிக்கு நீயே ஊசி போடு."

பகல் வார்டுக்கு வந்த பிறகு சீஃப் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை. அக்காவிடம் அன்று மாலை எப்படிச் சொல்வது என்று வாக்கியம் அமைக்கத் தொடங்கிவிட்டேன். அப்படியே கருவியை முதுகில் மேல் நோக்கி நகர்த்தினேன், தண்ணீரைத் தேடி.

கருவி மேலே போனது. படம் எதிர்ப்பக்கம் போனது.

இடது பக்கத்திலிருந்து நுரையீரல் வர வேண்டும். வலது பக்கத்திலிருந்து வந்தது. ஈரல் இடது பக்கமாக வெளியேறியது. கருவியைக் கீழே இறக்கினேன். ஈரல் இடது பக்கத்திலிருந்து திரும்ப வந்தது. திரையின் மூலையில் பார்த்தேன். சின்னதாக ஓர் இதயப் படம்.

இந்தக் கருவியில் எதைப் பார்க்கப் போகிறோமோ அதற்குத் தக்க அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நெஞ்சையோ வயிற்றையோ பார்க்கும்போது திரையின் இடது பக்கம் தலைப் பக்கம். இதயம் பார்க்கிற அமைப்பில் அது அப்படியே இடம் மாறிவிடும். இதய மருத்துவர்களுக்கு ஆதியிலிருந்து அப்படித்தான் பழக்கமாம். காலையில் ஆறாம் கட்டிலில் இதயம் பார்த்தேன். அமைப்பை மாற்றாமல் ஒன்பதாம் கட்டிலுக்கு வந்தேன். ஈரலை நுரையீரல் என்றும் நுரையீரலை ஈரல் என்றும் அந்த அம்மாவுக்குப் பாடம் நடத்தினேன். ஈரலிடமிருந்து விலகுவதாக நினைத்து ஈரலை நோக்கி விலகினேன். ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே என்று அவர் சொன்னபோது அந்த வார்டில் கண் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

கட்டை விரலால் அமைப்பை மாற்றினேன். ஒரு தட்டல்தான். படம் புரண்டு சரியாக நின்றது. யாரும் பார்க்கவில்லை.

முதுகில் ஜெல் வழிந்திருந்தது. சுத்தம் செய்ய வேண்டும் என்று ஸ்பிரிட் பஞ்சை எடுத்து அந்த வெள்ளைக் குறியைத் துடைத்தேன். வெள்ளை உடனே வந்துவிட்டது. அதற்கு அடியில் நீலமாக, மங்கலாக, கோணலாக என் குறி இருந்தது. வெள்ளைக் கோடுகள் வெட்டிக்கொண்ட புள்ளியும் நீலக் கோடுகள் வெட்டிக்கொண்ட புள்ளியும் ஒன்றே. ஒரு நூல் விலகவில்லை.

என் தோள் மறைத்ததால் மற்றவர்களுக்குத் தெரியவில்லை. கையில் பஞ்சு இருந்தது. நான் தேய்த்தேன். தெரியாமல் கை பட்டது என்றெல்லாம் இல்லை. பால்பாயிண்ட் லேசில் போகாது. இரண்டாவது பஞ்சு எடுத்து, ஓட்டுநர் "எரியுது டாக்டர்" என்று சொல்லும் அளவுக்குத் தேய்த்தேன். போயிற்று.

இனி உலகத்தில் அதற்குச் சாட்சி ஒரு தையல்காரப் பெண்ணின் நாடா அளவு மட்டும்தான். சீஃப் என் பக்கம். பயிற்சி மருத்துவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. எனக்கு அது பழக்கமில்லாததால் முதலில் என்னவென்று புரியவில்லை.

ஓட்டுநர் இருமத் தொடங்கினார். உதவியாளர் அவர் கையைத் தூக்கிப் பிடிக்க, அவர் ஒரு பக்கமாகச் சரிந்தார். தலையணை நழுவியது. உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. சிஸ்டர் ஆக்சிஜனைக் கூட்டினார். இரண்டு பேர் சேர்ந்து நிமிர்த்தியும் அவரால் முன்னால் சாய முடியவில்லை. சாய்ந்த ஒவ்வொரு தடவையும் இருமல். இந்த நிலையில் ஊசி போட முடியாது. போடாமல் விட்டால் இன்று ராத்திரி தாண்டுவாரா என்பது சந்தேகம்.

"அவள... கூப்பிடுங்க," என்றார்.

"அந்தம்மாவ இனிமே கட்டில் பக்கம் விட முடியாது," என்றார் சீஃப். "ஒரு தடவை பட்டது போதும்."

நான் யோசித்தேன் என்று சொல்லமாட்டேன். யோசித்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். என் சுபாவம் எனக்குத் தெரியும்.

"சார், மார்க் என்னோடதுதான். அவங்க இடம் மாத்தல."

"இப்பதான் இல்லன்னே?"

"அப்பவும் நான்தான் சொன்னேன். இப்பவும் நான்தான் சொல்றேன்."

ஃபோனைக் காட்டினேன். காலையில் சேமித்த படத்தை எடுத்தேன். மூலையில் அந்த இதயப் படம் இருந்தது. மேலும் கீழும் புரண்டதைச் சொன்னேன். அந்த அம்மா போட்ட வெள்ளைக்கு அடியில் என் நீலம் இருந்ததையும், அதை நான் துடைத்ததையும் சொன்னேன். சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு மாதப் பெருமைக்கு அரை நிமிடம்.

சீஃப் கையுறைக் கைகள் இரண்டையும் அந்தரத்தில் வைத்தபடி என்னைப் பார்த்தார். கீழே இருக்கிறதே என்று தோன்றியும் ஊசியைக் கொண்டுபோனவர் அவர். அது அவர் முகத்தில் கொஞ்சம் வந்து போனது. அதைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசும் நிலையில் நான் இல்லை.

"மூணு வருஷம் ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தே. பகல்ல தூங்கிட்டே," என்றார். அப்புறம், "சிஸ்டர், அந்தம்மாவ உள்ள கூப்பிடுங்க."

அந்த அம்மா வந்தார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. பையைத் தரையில் போட்டுவிட்டு மேஜையைத் தள்ளி, முக்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்து, புருஷனின் நெற்றியைத் தோளில் வாங்கிக்கொண்டார். இரண்டு நிமிடத்தில் இருமல் அடங்கியது. முதுகு வளைந்து, விலா எலும்புகள் விரிந்து, ஊசிக்கு இடம் கொடுத்தது.

"நீ கருவிய பிடி. நான் ஊசி போடறேன்," என்றார் சீஃப் என்னிடம். "கை நகர்ந்துது, அடுத்த ஊசி உனக்குத்தான்."

பிடித்தேன். திரையில் ஊசி முனை மெல்லிய வெள்ளைக் கோடாகக் கறுப்புக்குள் போனதை நானும் அவரும் ஒன்றாகப் பார்த்தோம். மஞ்சள் நிறத் தண்ணீர் குழாயில் இறங்கியது. ஒரு லிட்டரும் கொஞ்சமும். முக்கால் லிட்டர் தாண்டியதும் ஓட்டுநர் மனைவியின் தோளிலேயே பேச ஆரம்பித்தார்.

"என்ன டாக்டர், காலைல ரிவர்ஸ் கியர்ல இருந்தீங்களா?"

"ஆமா."

"கண்ணாடி பார்க்காம ரிவர்ஸ் எடுத்தா... எங்க கம்பெனில ஒரு வாரம் வண்டி தர மாட்டாங்க."

"இங்க ஃபாரம் தருவாங்க," என்றேன்.

தந்தார்கள். மூன்று பக்கம். தவறு நேர்ந்த விதம் என்ற கட்டத்தில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன். துடைத்ததையும் எழுதினேன். ஹெட் சிஸ்டர் படித்துவிட்டு, "இது வேணுமா டாக்டர்? யாரும் கேக்கலையே," என்றார். அவர் கேட்ட விதத்தில் கனிவும் இருந்தது, வேவும் இருந்தது. அப்படியே இருக்கட்டும் என்றேன். காலையில் குறி போட்டு மத்தியானம் ஊசி என்ற வழக்கம் அன்றோடு நின்றது. நோட்டீஸ் ஒட்டத்தான் ஒட்டினார்கள். அதில் உறவினருக்குத் தடை இல்லை, நான் செய்த தப்பு இருந்தது. பேர் போடவில்லை. போடாவிட்டால் தெரியாதா என்ன.

சாயங்காலம் வீட்டுக்குப் போவதற்கு முன் ஒன்பதாம் கட்டிலுக்குப் போனேன். ஓட்டுநர் பதினாறு நாளுக்குப் பிறகு சாய்ந்து படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா," என்றேன். "தப்பு என்னோடது. உங்க மேல வந்துடுச்சு."

"வந்துடுச்சா? நீங்க தள்ளி விட்டீங்க."

"ஆமா. தள்ளித்தான் விட்டேன்."

ஊசியில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து அறுத்தார். "அப்ப காலைலேர்ந்து நான் பத்திரமா காப்பாத்தி வெச்சிருந்தது உங்க தப்பத்தான்."

"ஆமா."

"இவர அந்தப் பக்கம் திரும்பக் கூட விடல. உடம்பு துடைக்கும்போது அத சுத்தி சுத்தித் துடைச்சேன்."

எனக்கு வழக்கமான சிரிப்புகூட வரவில்லை.

"உங்க வெள்ளைக்கு அடில என் மார்க் இருந்தது," என்றேன். "அத நான் அழிச்சுட்டேன். அதையும் சொல்லணும்னு..."

"தெரியும். கதவுல கண்ணாடி இருக்குல்ல."

"பார்த்தீங்களா? அப்ப ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டாங்க?" என்றார், அடுத்த பொத்தானை எடுத்துக்கொண்டே.

வீட்டில் அக்கா, "என்ன, மூஞ்சி தொங்குது?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தேன். கடைசியில், "அந்தாளு நல்லா இருக்கானா?" என்று மட்டும் கேட்டாள். இருக்கிறார் என்றேன். "உனக்கு ரெண்டு ரொட்டி போதும் இன்னிக்கு," என்று தட்டை வைத்துவிட்டுப் போனாள். அத்தான் தன் தட்டிலிருந்து ஒன்றை என் பக்கம் தள்ளினார். நான் எடுக்கவில்லை. பிறகு எடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து ஓட்டுநரின் இடது பக்க நீரை எடுக்க வேண்டியிருந்தது. வேறு யாராவது கருவியைப் பிடிக்கட்டும் என்று சீஃபிடம் சொல்லிப் பார்த்தேன். "வேற யாருக்குத் தெரியும்? லிஃப்டுல ஏறி ஓடிடலாம்னு பார்க்காத," என்றார். அந்த லிஃப்ட் கதை அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

சீஃப் கை கழுவப் போயிருந்தார். அந்த அம்மா முக்காலியில் உட்கார்ந்து புருஷனைத் தோளில் சாய்த்துக்கொண்டிருந்தார். ஜெல் தடவினேன்.

"இருங்க," என்றார். "அதக் காட்டுங்க."

ஃபோனைத் திருப்பிக் காட்டினேன்.

"இதுல மேல எது?"

கருவியை முதுகில் வைப்பதற்கு முன், அதன் முனையில் தலைப் பக்கம் இருந்த ஓரத்தை விரல் நுனியால் தொட்டேன். திரையின் இடது பக்கம் லேசாக அசைந்தது. "இதுதான் மேல."

"இன்னொரு தடவ."

தொட்டேன். அசைந்தது.

ஓட்டுநர் தோளிலிருந்து முகத்தை எடுக்காமல், "விடும்மா, டாக்டர் பாவம்," என்றார்.

"நீங்க சும்மா இருங்க," என்று அவரிடம் சொல்லிவிட்டு அந்த அம்மா என்னைப் பார்த்தார். "இன்னொரு தடவ."

மூன்றாவது தடவையும் தொட்டுக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் அவர் தலையசைத்தார். கருவியை வைத்தேன்.